பாதி இலையில் எழுந்த சம்பந்தி

நெஞ்சு வலித்தால் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?

டாக்டரிடம் போக வேண்டும் என்பீர்கள். என் மச்சான் முத்தையா என்ன செய்தார் தெரியுமா? இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

போன தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. முத்தையா மச்சான் என் மனைவியின் அண்ணன். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் பருத்தி போடுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. தும்மலைத் தவிர வேறு வியாதி அறியாத உடம்பு. அவருடைய ஒரே மகளுக்கு, டி. கல்லுப்பட்டிக்கு இந்தப் பக்கம் பஸ் ரோட்டை ஒட்டிய ஓர் ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் எங்களுக்கு விருந்து. பழங்காநத்தத்திலிருந்து நானும் என் மனைவியும் போயிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் இந்த விருந்து சாதாரண விஷயமல்ல. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு, இலையை மடித்து எழுந்தால் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். பாதிச் சாப்பாட்டில் எழுந்தால்? சம்பந்தம் வேண்டாம் என்று ஊரறியச் சொன்ன மாதிரி! அப்படி முறிந்துபோன கல்யாணங்கள் இரண்டு எனக்கே தெரியும். அதில் ஒருவர் எழுந்தது விக்கல் தாங்காமல்தான். யார் கேட்டார்கள்?

பந்தி பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. மச்சானுக்கு இடப்பக்கம் நான். வலப்பக்கம் மாப்பிள்ளையின் சித்தப்பா — முறுக்கு மீசை, மரியாதையில் ஒரு அணு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். மாப்பிள்ளையின் தகப்பனார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. தாயார் வேலம்மாள்தான் எல்லாவற்றையும் நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

சாம்பார் முடிந்த சமயம். மச்சான் மெல்லுவதை நிறுத்தினார். இடது கையை ஊன்ற முடியாமல் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தாடையைத் தேய்த்தார். பிறகு பார்த்தால், நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாக இலையிலேயே விழுகிறது. வேப்பமர நிழல், நல்ல காற்று, எனக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது.

என்ன மச்சான் என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. வாயு. நெஞ்சு மேல பருத்தி மூட்டையைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. ஏப்பம் வந்தாச் சரியாப் போகும்."

எழுந்து கொஞ்சம் காற்றாட உட்காரலாமா என்றேன். அவர் பார்த்த பார்வையில் நான் அடங்கிப்போனேன். பெண்ணைப் பெற்றவர் அல்லவா? ஏப்பத்தை வரவழைக்க ரசம் கேட்டது அப்போதுதான்.

நான் என்ன செய்தேன்? நானும் வாயு என்றேதான் நினைத்தேன்! சாப்பிட்டு முடித்ததும் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று மனசுக்குள் வைத்தியம் செய்துகொண்டு, கூட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கடிகாரம் கையில் இருந்தது. புத்தி எங்கே இருந்ததோ...

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மச்சானின் இலையைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"என்ன சம்மந்தி, எங்க வீட்டுச் சோறு எறங்கலையோ?"

அந்த ஒரு வார்த்தைக்காக என் மச்சான், இறங்காத தொண்டையில் மேலும் நாலு கவளம் இறக்கினார். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

அப்போது மோர்ப் பாத்திரத்தோடு வந்தார் வேலம்மாள். மச்சானுக்கு நேரே வந்ததும் நின்றார். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்தார். பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு அவர் செய்ததை அந்த ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் — குனிந்து, சோறும் கூட்டும் கிடந்த அந்த இலையைத் தம் கையாலேயே மடித்தார்! அதுவும் முறைப்படி, உள்பக்கமாக.

"அண்ணே, சாப்பாடு முடிஞ்சிருச்சு. இலையை நானே மடிச்சிட்டேன். சம்மந்தமும் முடிஞ்சிருச்சு. அசையாம அப்படியே சாஞ்சுக்கங்க."

பந்தியில் எல்லோரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா மட்டும், மதினி இது என்ன முறை என்று ஆரம்பித்தார்.

"இந்த வேர்வையை நான் ஒரு தடவை பாத்திருக்கேன்," என்றார் வேலம்மாள்.

அவ்வளவுதான். சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. தம் அண்ணன் எப்படிப் போனார் என்பது அவருக்குத் தெரியாதா? ஓமத் தண்ணீர் கொடுத்தார்களாம். வாயு கலையட்டும் என்று வாசலில் நடக்கவும் வைத்தார்களாம். ஏழாவது நடையில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அப்போது மணி ஒன்று ஐந்து. அதாவது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வீணாக்கியது இருபத்தைந்து நிமிஷம். இதை டைரியில் எழுதும்போது கை கூசியது.

மச்சானைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கினார்கள். கட்டிலின் முன்பக்கத்து வலது கால் யார் தோளில் என்கிறீர்கள்? சித்தப்பாவின் தோளில்தான்.

திருமங்கலம் போகிற ஒரு மணி பஸ் அன்றைக்கும் வழக்கம்போல லேட். பஸ் லேட்டாக வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது என் ஆயுளில் அன்றைக்கு மட்டும்தான். யுத்தத்தினால் பெட்ரோல் இல்லாத காலம், கரியில் ஓடுகிற பஸ். டிரைவர் ஒரு பாய். மதுரைக்காரர். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நீளப் பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பி மச்சானைப் படுக்கவைக்கச் சொன்னார். இனி நடுவில் எந்த ஊரிலும் நிற்காது, இறங்க வேண்டியவர்கள் திருமங்கலத்திலிருந்து திரும்பி வந்துகொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டுக் கிளம்பினார். வழிநெடுகக் கை காட்டி ஏமாந்தவர்கள் எங்களுக்குப் பின்னால் என்னென்ன சொன்னார்களோ — புழுதியில் காதில் விழவில்லை.

பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் வைத்தியர்கள். ஒருவர் சுக்குக் கஷாயம் என்றார். ஒருவர் உட்காரவைத்து முதுகில் குத்தச் சொன்னார். இன்னொருவர், இறக்கி நாலு எட்டு நடக்கவிட்டால் போதும் என்றார். மச்சானின் தலையை மடியில் வைத்திருந்த சித்தப்பா நிமிர்ந்தார்.

"வைத்தியம் பாக்குறவுக எல்லாம் இங்கனயே எறங்கி நடக்கலாம். பாய், வண்டியை நிப்பாட்டணுமா?"

சுக்குக் கஷாயக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பாதி வழியில் மச்சான் கண்ணைத் திறந்தார். வலியைப் பற்றிப் பேசுவார் என்று குனிந்தேன். அவர் பார்வை சித்தப்பா மேல் இருந்தது.

"சம்மந்தி... பாதியில எந்திரிச்சதைத் தப்பா எடுத்துக்கிராதீக..."

மீசைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "பேசாமப் படுங்க. நாந்தான் உங்களைத் திங்க வச்சே கொன்னுருப்பேன்," என்றார்.

ஒன்று ஐம்பதுக்குத் திருமங்கலத்தில் டாக்டர் வீட்டு வாசலில் நின்றோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே மச்சானின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். வலி அடங்க இஞ்செக்ஷன். அப்புறம் அசையக்கூடாது, பேசக்கூடாது, கட்டிலைவிட்டுக் கால் இறங்கக்கூடாது. ஆறு வாரம்! இரண்டாவது நாள்தான், ஆள் தப்பித்துவிட்டார் என்று சொன்னார்.

அன்றைக்கு அவர் சொன்னவற்றை அப்படியே எழுதிவைத்தேன். இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று அடைபட்டுவிட்டதாம். அடைபட்ட இடத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை செத்துக்கொண்டே போகுமாம். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துகிற வலி, அது இடது தோள், கை, கழுத்து, தாடை என்று பரவுவது, காரணமில்லாத குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டல், குமட்டல்... இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் வந்தாலும் உடனே டாக்டரிடம் புறப்பட வேண்டுமாம். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நடக்கவைக்கக்கூடாது. வாயு என்ற தீர்ப்பை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து இலைக்காரர் அல்ல.

இத்தனையும் கேட்டுவிட்டு, நிஜமாகவே வாயுவாக இருந்து, அதற்காக உங்களைத் தொந்தரவு செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களா என்றேன். டாக்டர் சிரித்தார்.

"நெஞ்சுவலின்னு வந்து, வாயுன்னு தெரிஞ்சு திரும்பிப் போனவங்களை நான் ஒருநாளும் திட்டினதில்லை. வாயுன்னு வீட்டிலேயே இருந்துட்டவங்களைத் திட்டலாம்னா... அவங்க இருந்தாத்தானே?"

ஆறு வாரம் முடிந்து மச்சான் இப்போது வாசல்வரை நடக்கிறார். கல்யாணம் வைகாசியில். சித்தப்பா வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, மச்சான் எத்தனை எட்டு நடந்தார் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.

இனி என் கதை. சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸுக்குப் புறப்படுகிற நேரத்தில் எனக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு. முந்தின நாள் மொச்சைக் குழம்பு என்பது ஞாபகம் இருந்தது. இருந்தும் என்ன? ஐந்தாவது நிமிஷத்தில் நானும் என் மனைவியும் ஜட்காவில். எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்து டாக்டர் கால் மணி நேரம் முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார் — வாயு!

திரும்பி வரும்போது என் மனைவி, "ஒண்ணுமில்ல, வாயுதான்" என்று தெருமுனையிலிருந்து வீட்டுவாசல்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீர்களா?

இருந்தது. ஆனால் வெட்கப்படுவதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே!