எரிப்போமும் மீட்போமும்

அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நோட்டீஸ் அடிப்பவரை எல்லோரும் டைப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அவர் எரிப்போம் கட்சி. பழசையெல்லாம் கொளுத்தினால்தான் விடியும் என்பார்கள் அவர்கள். பழசையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தால்தான் விடியும் என்கிறவர்கள் மீட்போம் கட்சி. இரண்டும் கீரியும் பாம்பும்தான். ஆனால் மலிவாக அச்சடிக்க இரண்டுக்கும் அந்த ஒரே இடம்தான் வாய்த்திருந்தது.

டைப்பைக் கட்சிக்குக் கூட்டிவந்தது அவர் மனைவியின் அண்ணன், இப்போது வட்டச் செயலாளர். கட்சிக்காக இரண்டு தடவை உதை வாங்கியிருக்கிறார் டைப்பு. இரண்டு தடவையும் மச்சான் மேடையில் இருந்தார்.

போன மாதம் கூட்டத்துக்கு அவசர நோட்டீஸ். மச்சானே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவசரப்படுத்தினார்.

"புதுசா எதுக்கு அடிக்கிற மாப்ளே? மீட்போம்காரனுங்க நோட்டீஸைத் திறந்து பேரை மட்டும் மாத்து."

டைப்பு அப்படியே செய்தார். கட்சிப் பெயரை நாலு இடத்தில் மாற்றினார். 'துரோகிகளைக் களையெடுப்போம்' என்பதில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. 'எங்களோடு நிற்காதவன் எதிரி', 'கேள்வி கேட்கும் நேரமல்ல இது', எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின. அடியில் இருந்த ஃபோன் நம்பரை மட்டும் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஐயாயிரம் நோட்டீஸ் போயாயிற்று. ஆள் சேர ஆசைப்பட்டவர்கள் அந்த நம்பருக்குப் பேசினார்கள். எடுத்தவர்கள் மீட்போம்காரர்கள். துரோகி யார், எப்படி ஒழிப்பது என்று பத்து நிமிஷம் பேசியும் ஒருவருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. இருபத்தாறு பேர் மாற்றுக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். கூத்துதான் போங்கள்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். விசாரணை வைத்தார்கள். கட்சி ஆபீசில் நீள மேஜை, தலைவர் நடுவில், மச்சான் அவருக்கு வலப்பக்கம்.

"எதிரியோட நோட்டீஸைத் திறக்கச் சொன்னது யாரு?" என்றார் தலைவர்.

டைப்பு மச்சானைப் பார்த்தார். நான்தான் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தொன்பது வருஷம் பிழைத்துவிடும். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ரொம்ப நாளாவே இவர் மேல ஒரு கண்ணு. தங்கச்சி வீட்டுக்காரராச்சேன்னு பொறுத்துக்கிட்டிருந்தேன்."

டைப்புக்கு உதை வாங்கியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. துரோகி என்று எழுதி வெளியே அனுப்பினார்கள்; முதல் கையெழுத்து மச்சானுடையது.

மறுநாளே மீட்போம் செயலாளர் அச்சகத்துக்கு வந்துவிட்டார், வாயெல்லாம் பல்.

"உங்க மச்சான்தான் செய்யச் சொன்னார்னு எழுதிக் குடுங்க, மேடையில ஏத்துறோம்."

"அவர் என் பொண்டாட்டியோட அண்ணன். எழுத முடியாதுங்க."

"அப்ப நீங்க இன்னும் அவங்க ஆளுதான். பார்த்துக்கிறோம்."

அன்று சாயங்காலம் மனைவி தட்டு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களை நீக்கிட்டாங்கன்னு கடையில பேசிக்கிறாங்க. எங்க அண்ணன் அங்கதானே இருந்தாரு? உங்களுக்காகப் பேசினாரா இல்லையா?"

பிள்ளைகள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"பேசினார். அவர் ஒருத்தர்தான் பேசினார்" என்றார் டைப்பு.

"அதானே பார்த்தேன்" என்று அவள் நிம்மதியாக அடுத்த தட்டை எடுத்தாள்.