சங்குக் கிடங்கின் வாடை

கல்யாணமாகித் தூத்துக்குடிக்குக் குடிபோன பிறகுதான் சங்குக்குள் உயிர் இருக்கும் என்பதே எனக்குத் தெரிந்தது. அம்பாசமுத்திரத்தில் நான் பார்த்ததெல்லாம் பூஜையறையில் பால்போல வெளுத்திருந்த சங்குகள். என் கணவருக்குக் கடற்கரைச் சங்குக் கிடங்கில் வேலை. கடற்காற்று வீசினால் கிடங்கு வாடை வீடுவரை வந்து எனக்குச் சோறு இறங்காது. மீன்வாடைகூட அறியாத சைவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். இதுவோ பிணவாடை.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனவள், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டேன். முற்றம் முழுக்கச் சங்கு. ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. பழுப்புத் தோல் போர்த்திக் கிடந்தன. வாய்வழியே சதை அழுகி ஒழுக, அதில் புழு நெளிந்தது. ஈ ஒன்று என் உதட்டில் வந்து உட்கார்ந்தது.

"என்னங்க இது?" என்றேன், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"உசுரோட எடுத்துட்டு வாராங்க. சதையப் புழு தின்னாத்தான் உள்ள சுத்தமாவும். பொறவு அலசி, வளையல் அறுக்க வங்காளத்துக்கு அனுப்பிருவோம்" என்றவர், சிரித்தார். "கடலுக்கடியில மணல்ல பொதைஞ்சு கெடந்து இது புழுவத் தின்னும். இப்பம் புழு இதத் தின்னுது."

அங்கேயே வாந்தி எடுத்தேன்.

மறு வருஷம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. அம்மா பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, சின்னச் சங்கில் ஊற்றிக் குழந்தையின் வாயருகே கொண்டுவந்தாள். நானும் அதில் குடித்து வளர்ந்தவள்தான். ஆனாலும் கை தானாகத் தட்டிவிட்டது. பால் பாயெல்லாம் சிந்தியது.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? பச்சப்புள்ள பசியில கத்துது!"

"அதுல புழு இருந்திருக்கும்மா."

"கழுவிட்டுல்லா கொண்டாந்தேன்!"

கிடங்கில் கண்டதைச் சொன்னேன். அம்மா சங்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு கரண்டி எடுத்துவந்து புகட்டிப் பார்த்தாள். பால் கழுத்தில் வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை, குழந்தைக்குப் புரையேறியது.

"வேற எதுல ஊத்தச் சொல்லுத?" என்று சங்கையே மறுபடி எடுத்தாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்கக் கேட்க முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டேன். பசியாறிக் குழந்தை தூங்கியபின் அதன் வாயை முகர்ந்து பார்த்தேன். பால் மணம்தான். இருந்தும் முத்தம் கொடுக்க மனம் வரவில்லை.