பெனிஷ் கட்டிய தொட்டி

படுக்கையறைச் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பெனிஷ் காலையில் கம்ப்யூட்டரை இயக்குகிறார். சுவருக்கு அந்தப் பக்கம், இரவுப் பணி முடிந்து வந்த மனைவி ரெபெக்கா உறங்குகிறார். மூச்சு சீராகக் கேட்டால் பொத்தானை அழுத்துவார். சற்று நேரத்தில் பெட்டிக்குள் இருக்கும் விசிறிகள் மிக்ஸி போல இரையத் தொடங்கும். அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிடும். பெனிஷ் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்குவது அவர் தொழில். எந்தச் சன்னலில் எந்நேரம் வெயில் விழும் என்று கணக்கிட்டுக் கணக்கிட்டே அந்தக் கம்ப்யூட்டர் பகலெல்லாம் கொதிக்கிறது. கடல்தாண்டி வந்து குடியேறிய பிளெய்ன்ஸ்பரோ ஊரின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அதை வைக்கக் கூடத்தை விட்டால் வேறு இடமில்லை.

ரெபெக்கா நர்ஸ். போன மாதம் வீடு திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். கார் ஓரக்கல்லில் ஏறி நின்றது. “ஒரு செகண்டுதான் கண்ணு மூடிப்போச்சு” என்றார். விசிறிகளைக் கழற்றிவிட்டு, ஒரு சிறு தொட்டியிலிருந்து குழாய் வழியே தண்ணீரை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரைக் குளிரவைப்பது என்று பெனிஷ் அன்றைக்கே முடிவுசெய்தார்.

“நான் வீடு மாறுவோம்னு சொன்னேன். இவரு தொட்டி கெட்டுறாரு” என்று ரெபெக்கா நாகர்கோவிலில் இருக்கும் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதே கொட்டாவி வந்தது.

பெட்டி பழையது, கடையில் விற்கும் தொட்டி எதுவும் அதன் இடுக்கில் நுழையவில்லை. ஆகவே பெனிஷ் அக்ரிலிக் தகடு வாங்கினார். பால்கனியில் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அறுப்புவாளை ரொம்ப மெதுவாக இழுத்து அறுத்தார். விரல் விறைத்தால் அக்குளில் செருகிக்கொள்வார். கோட்டில் எப்போதும் வெள்ளைத் தூள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: “இந்தா, முடிஞ்சாச்சு.”

கீழ்வீட்டு ஷ்யாமளா ஆன்ட்டி தலையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்: “என்ன பெனிஷ், மீன் தொட்டியா?”

“ஆமா ஆன்ட்டி. மீனுக்குத்தான் இன்னும் விசா கெடைக்கல.”

“வந்தா எங்களையும் சாப்பிடக் கூப்பிடு!”

முதல் தொட்டி மூலையில் ஒழுகியது. இரண்டாவது கோணலாகப் போனது. மூன்றாவதற்குத் தண்ணீர் நிரப்பி, பம்பை மட்டும் ஓடவிட்டு, அடியில் டிஷ்யூ விரித்துக் காத்திருந்தார். மறுநாளும் டிஷ்யூ காய்ந்தே கிடந்தது. பெனிஷ் அதை ஒரு சான்றிதழைப் போலத் தூக்கிக் காட்டினார். “பம்பு ஓடுதா என்ன? சத்தமே இல்லியே” என்று ரெபெக்கா கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு பெனிஷுக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்று காலை ரெபெக்கா வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஆல்கஹால் பஞ்சை எடுத்துப் போன், சாவி, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் துடைப்பது அவர் வழக்கம். பெனிஷ் குளித்துவிட்டு வரும்போது அவர் கட்டிலில் சாய்ந்துவிட்டிருந்தார்.

“அத்தான், ஒங்க தொட்டியையும் தொடச்சு வச்சிருக்கேன். ஒரே கைரேகை. இப்பம் பாருங்க, பளபளன்னு இருக்கு.”

அக்ரிலிக்கில் ஆல்கஹால் படக் கூடாது, பட்டால் வெடிப்பு விடும். தகட்டின்மேல் ஒட்டியிருந்த தாளிலேயே அது எழுதியிருந்தது. அதை உரித்துப் போட்டவர் பெனிஷ்தான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. திருகாணித் துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற கோடுகள் கிளம்பியிருந்தன. ஒன்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. பம்பை நிறுத்தினார். கோட்டின் நுனியில் ஒரு துளி திரண்டது.

“நல்லாருக்கா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பாதித் தூக்கம்.

“நல்லாருக்கு ரெபே. நீ ஒறங்கு.”

“இன்னைக்கு ஓட்டுவியளா?”

“இந்தா, முடிஞ்சாச்சு. நீ ஒறங்கு கேட்டியா.”

கம்ப்யூட்டரைத் தொடாமல், முதலாளிக்கு இன்று படம் வராது என்று ஒரு செய்தி அனுப்பினார். தொட்டியைக் கவிழ்த்தால் குழாய்க்குள் தண்ணீர் களகளவென்று இரையும். தானாகவே வடியட்டும் என்று அடியில் ஒரு எவர்சில்வர் சட்டியை வைத்தார்.

டொக்.

சுவருக்கு அப்பால் கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது. பெனிஷ் அடுத்த துளியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மறுகையால் தலை துவட்டித் தோளில் போட்டிருந்த ஈரத் துவர்த்தை இழுத்து மடித்துச் சட்டிக்குள் விரித்தார். கையை விலக்கினார். துளி விழுந்தது. சத்தம் இல்லை. எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தார்.