தைத்துப் பார்த்த படகு

எங்கள் பெரிய அத்தையின் கொழுந்தனார் ஒருவர் தையல்காரர். அவருடைய கடையின் பின்ஜன்னலைத் திறந்தால் ஏரிதான். மெஷினை மிதித்துக்கொண்டே பாதி நேரம் தண்ணீரில்தான் இருப்பார். மேசையில் சரிந்து கிடக்கும் நீல லைனிங் துணிகூட மெல்ல அலையடிக்கும்.

மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவர் மனைவிக்கு இடது முழங்கால் மடங்காது. வாடகைப் படகில் ஏற முடியாமல் பதினொரு வருஷமாக அக்கரையை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறாள். அவளை உட்காரவைத்து ஒருமுறையாவது ஏரியைச் சுற்றிவிட வேண்டும். அதற்காகத்தான் இரண்டு பேர் காலை நீட்டி உட்காரும் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஒன்றைத் தானே செய்யக் கிளம்பினார்.

அவள் தம்பி தச்சர். விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தார்.

"மாமா, மெல்லிசு சட்டமா இழைச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுவோம். பாத்தா கண்ணு எடுக்க முடியாது."

"ஒட்டின பிறகு அளவு தப்பிட்டா?"

"என் கை தப்பாது."

"உன் கல்யாணச் சட்டைக்கு நீயே சொன்ன அளவுதானே? மூணு தடவை பிரிச்சேன்டா!"

மரக்கூட்டின் மேல் கித்தான் துணி போர்த்தலாம் என்றார் மச்சான். அக்காவின் ஊன்றுகோல் ஒரு குத்துக் குத்தினால் கிழிந்துவிடும் என்று அதுவும் போனது.

"அப்போ பிளைவுட்டை வெட்டி, ஓரத்துல துளை போட்டு, செம்புக் கம்பியால கட்டணும். கடைசியாத்தான் பசை."

"பசைக்கு முன்னாடி பிரிக்கலாமா?"

"பிரிக்கலாம்."

தையல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையலாக டாக்கா போட்டு ட்ரையல் பார்க்கிற வேலைதானே இது!

ஒல்லியாக இருந்தால்தான் அம்பு மாதிரி போகும் என்று அளவு கொடுத்தது மச்சான். கம்பி கட்டி முடித்த மத்தியானம், தையல்காரர் மனைவியைக் கடைக்குள் அழைத்தார்.

"என் துணின்னா மாசக்கணக்கா இழுத்தடிப்பீங்க. பலகைக்கு மட்டும் உடனே ட்ரையலா?" என்று சிரித்தபடி, இருவர் தோளையும் பிடித்து உட்கார்ந்தாள். விறைத்த கால் பக்கப் பலகையில் இடித்து நின்றது. கொஞ்சம் நகர்ந்து பார்த்தாள். நுழையவில்லை.

"விடுங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள், ஜன்னல் பக்கம் பார்க்காமல்.

 தையல்காரர் தரையில் மண்டியிட்டு அந்தப் பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். குறுக்கே ஒரு குச்சியைச் செருகினார். பலகைகள் நாலு விரற்கடை விரிந்தன.

"போச்சு மாமா. இனி இது அம்பு இல்ல, பூசணிக்கா."

"மெதுவாத்தான் போகட்டுமே. நம்மள யாரு துரத்துறா?"

அவள் காலை நீட்டினாள். பலகையைத் தொடாமல் நேராகப் படுத்துக்கொண்டது கால். தையல்காரர் சாக்குக்கட்டியால் குச்சியின் இடத்தைக் குறித்துவிட்டு, கம்பிகளைத் திரும்ப முறுக்கத் தொடங்கினார்.

"சரியா இருக்கு. எழுந்திரு" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. விளிம்புக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியால் சிமெண்ட் தரையை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.