வெள்ளிக்கிழமைக்குச் சொன்ன மழை

புரட்டாசி முடிவதற்குள் ஆண்டுதோறும் வானிலைத் துறையின் வடகிழக்குப் பருவமழை முன்னறிவிப்பு வந்துவிடும். மழை இயல்பை ஒட்டி இருக்கும். சில பகுதிகளில் சற்றுக் கூடலாம், சில பகுதிகளில் சற்றுக் குறையலாம். எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்க முடியாத வாக்கியம். கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. நீர்ப்பாசனப் பிரிவு அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் இதே வகை வாக்கியங்களை நானும் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியவன்தான்.

மழைப் பதிவேடும் என் பொறுப்பில் இருந்தது. காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்ததை அளப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை அளந்தது வெள்ளிக்கிழமைக்கு நேரே ஏறும். ஆனால் அது பெய்தது வியாழக்கிழமை. புதிதாக வரும் ஒவ்வொரு அதிகாரியும் இதில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார். நான் எழுந்து நின்று, மரியாதையாக, கொஞ்சம் ரசித்தே திருத்துவேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாளையங்கோட்டையில் காய்கறிக் கடையில் யாராவது பேப்பரைப் பார்த்து "வெள்ளிக்கிழமை நல்ல மழையாம்" என்றால், அது வியாழக்கிழமை மழை என்று சொல்லாமல் என்னால் கத்தரிக்காய் வாங்க முடியாது.

இப்போது பதிவேடு கைபேசிக்கு வந்துவிட்டது. மலைமேல் இருக்கும் ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகள்தான் பட்டியலின் உச்சியில் இருக்கும். அங்கே மலை முழுக்க நனைந்து கிடக்கும் அதே காலையில், எங்கள் தெருவில் கொடியில் காயும் வேட்டியில் புழுதி படியும். மாவட்டத்துக்குக் கனமழை என்று எச்சரிக்கை வந்தால் அது மலைக்கா, நமக்கா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும் என்பது என் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

அதனால்தான் போன ஐப்பசியில் என் தங்கை என்னைக் கேட்டாள். பாபநாசத்துக்குக் கிழக்கே, மலை அடிவாரத்தில் அவளுக்கு வயல். அந்த ஆண்டு அணைத் தண்ணீர் தாமதமாக வந்ததால் கார் பருவ நெல் தாமதமாகவே விளைந்திருந்தது. அறுவடை வண்டிக்காரர் இரண்டு வாய்ப்பு கொடுத்திருந்தார்: புதன்கிழமை, இல்லையென்றால் வியாழக்கிழமை சாயங்காலம். தாழ்வான வயலில் கதிர் இன்னும் கொஞ்சம் பச்சை. ஒரு நாள் கூடுதலாக நின்றால் நல்லது. ஆனால் மழை முந்திக்கொண்டால் கதிர் சாய்ந்துவிடும். வண்டியும் சேற்றில் இறங்காது. புருஷன் போன பிறகு அவள் தனியாக நின்று பார்க்கும் விவசாயம் அது. அந்தப் போகத்து நெல்தான் அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு விதையும் உரமும் உழவுகூலியும்.

"நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே. நீங்க சொல்லுத நாளைக்கு அறுக்கேன்" என்றாள்.

நான் எச்சரிக்கை வரைபடத்தைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை என்று போட்ட படத்தில் எங்கள் மாவட்டம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. மலைக்கு மட்டும் அல்ல, அடிவாரத்துக்கும் சேர்த்து என்று விளக்கமும் இருந்தது. அரை நொடிகூட யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு நேரே இருந்தால் பெய்வது வியாழக்கிழமை. "வியாழன் கொட்டிரும். புதனே அறுத்திரு" என்றேன். அவள் பச்சையைப் பற்றித் தயங்கினாள். ஈரநெல்லை உலர்த்தலாம், சாய்ந்த நெல்லை நிமிர்த்த முடியாது என்று அலுவலகத் தொனியில் முடித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை நானே பஸ் ஏறிப் போனேன். வண்டி ஒரே மூச்சில் அறுத்துத் தள்ளியது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையைவிட இரண்டு மடங்கு நிலம் உள்ளவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். தனக்கு வியாழன் சாயங்காலத்தைச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். நான் அவரையும் எச்சரித்தேன். அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் களத்தில் கொட்டிய நெல்லைக் கையில் அள்ளினால் வேர்த்த உள்ளங்கைபோல் இருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மழை வந்து அந்த நெல் தார்ப்பாய்க்குள் இரண்டு நாள் கிடந்தால் சூடேறி முளைவிட்டாலும் விடும்.

வியாழக்கிழமை விடிந்தது. மேற்கே மலை, துடைத்து வைத்தது மாதிரி நின்றது. உச்சியில் ஒரு மேகம்கூட இல்லை. எட்டரை மணிக்குப் பழக்கதோஷத்தில் கைபேசியை எடுத்தேன். எச்சரிக்கைப் படத்தை இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: அந்தத் தேதி காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரை.

பதிவேடு பெய்து முடிந்ததைச் சொல்லும். முன்னறிவிப்பு பெய்யப் போவதைச் சொல்லும். ஒன்று நேற்றைப் பார்க்கிறது, மற்றது நாளையை. வெள்ளிக்கிழமைக்குச் சொன்ன மழை வெள்ளிக்கிழமைதான் வரும். மூன்று தலைமுறை அதிகாரிகளுக்கு அடிக்குறிப்பைப் படியுங்கள் என்று பாடம் நடத்தியவன், படிக்காதது இந்த ஒரு அடிக்குறிப்பைத்தான். காத்திருந்து அறுக்க வேண்டிய நெல்லை, என் பேச்சைக் கேட்டுப் பச்சையாக அறுத்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கி, காலால் நெல்லைக் கிண்ட ஆரம்பித்தேன். இந்தக் கோடிக்குப் போய் அந்தக் கோடிக்குத் திரும்புவது. பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகில் உறைத்தது. ஐப்பசி வெயிலா, சித்திரை வெயிலா என்று சந்தேகம் வந்தது.

பக்கத்து வயல்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "அண்ணாச்சி, மழை எங்கன நிக்கி? சேர்மாதேவியில பஸ் மாறுதோ?"

"சும்மா இரும்வே" என்றேன்.

என் தங்கை எதுவும் கேட்காமல் மறுபக்கத்திலிருந்து கிண்டிக்கொண்டே வந்தாள். மத்தியானம் சாப்பிடவும் களத்தைவிட்டு நகரவில்லை. மூன்று மணிக்கு ஒருதரம், நாலு மணிக்கு ஒருதரம் என்று ஈரம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி வந்து பார்த்தோம். முதல் தடவை பதினெட்டு. இரண்டாம் தடவை பதினாறரை. அவள் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் வைத்தாள். பதினாறரைதான். எனக்கு முழங்கால் வலி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இருட்டுவதற்குள் மூட்டை பிடித்தாயிற்று. அதே நேரம் அறுவடை வண்டி பக்கத்து வயலில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் கருவி அதே எண்ணைத்தான் காட்டியது. தங்கை வீட்டுக்குத் திரும்பும்போது மலை தெரியவில்லை. பதினொரு மணிக்கு அடித்த மழையில் எதிர்வீட்டுச் சுவர்கூட மறைந்தது. பக்கத்து வயல்காரர் தன் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். அவர் நெல்லும் கெடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. இரண்டு நாள் கிண்டி, அடுத்த வாரம் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டார்.

தாழ்வாரத்தில் மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். பதிவேடு, எட்டரை மணி, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். சரியாகப் பார்த்திருந்தால் வியாழன் சாயங்காலம் அறுக்கத்தான் சொல்லியிருப்பேன் என்றேன். அப்படிச் செய்திருந்தால் இந்த நேரம் நம் நெல்லும் தார்ப்பாய்க்குள் கிடக்கும் என்பது சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. தவறிப் போய்ச் சரியான நாளைச் சொல்லியிருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. "நேத்து காலையிலயே தெரியும்" என்றாள். "போனைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்திய. பொறவு ஒண்ணும் பேசாம வந்து கிண்டுனிய. நீங்க பேசாம வேலை பாக்கியன்னா தப்பு பண்ணிட்டியன்னு அர்த்தம்."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா விளக்கஞ் சொல்லுவிய. நெல்லை யாரு கிண்டுவா?"

காப்பி போட உள்ளே போனாள். நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தத் தேதியில் ஏறும் என்று அன்றைக்கு எனக்குக் கவலை இல்லை.