ஞாயித்துக்கிழமை கம்பெனிக்குள் விழுந்த என் விமானம்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலை. சிவகாசியில இருந்து எம். புதுப்பட்டி போற வழியில, ரோட்டை விட்டு உள்ள தள்ளி, தண்ணியில்லாம வெடிச்சுக் கிடக்குற ஒரு கண்மாயில நடந்தது இது. எழுத உக்காரும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அதனால நடுவுல கொஞ்சம் சத்தம் கூடுனா பொறுத்துக்கோங்க.

முதல்லயே ஒண்ணைச் சொல்லிர்றேன். விமானம் என்னுது. என் வீட்டுக்காரரோடது இல்ல. பையனுக்கு வாங்கிக் குடுத்ததும் இல்ல. எனக்குப் பையனே கிடையாது, ரெண்டும் பொண்ணுக, அவளுகளுக்கு இதைத் தொடக்கூட நேரமில்ல. நான் ஒரு பிரஸ்ல டிசைன் வேலை பாக்குறேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், தினசரி காலண்டர் அட்டை, இந்த மாதிரி. வேலை முடிஞ்சு வந்து சோறாக்கி வச்சுட்டு மாடிக்குப் போனேன்னா, ரிமோட்ல பறக்குற விமானம் செய்யிறதுதான் என் கிறுக்கு. அதுவும் கடையில விக்கிற ரெடிமேட் இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல நிசமாவே பறந்த சண்டை விமானத்தோட வரைபடத்தை வச்சு, அளவைக் குறைச்சு, அச்சு அசலா அதே மாதிரி செய்யிறது.

இது ஸ்பிட்ஃபயர். ரெண்டு கையையும் விரிச்சா எம்புட்டு அகலமோ அம்புட்டு ரெக்கை. தக்கை மாதிரி லேசான பால்சா மரத்தைச் சீவி, விலா எலும்பு மாதிரி அடுக்கி ஒட்டி, மேல தோல் மாதிரி மெல்லிசு தாள் போத்தி, பச்சையும் காவியும் கலந்து பெயிண்ட் அடிச்சேன். நிச விமானத்துல தகடு மேல ஆணித் தலை வரிசையா தெரியும்ல? அதுக்கு வெள்ளைப் பசையை இன்ஜெக்‌ஷன் ஊசியில ஏத்தி, சொட்டுச் சொட்டா வச்சேன். ஒரு பக்க ரெக்கை முடிக்கிறதுக்குள்ள கழுத்து பிடிச்சுக்கிச்சு. ரெக்கையில வர்ற வட்ட முத்திரையும் நம்பரும் எங்க பிரஸ்லயே லேபிள் ஸ்டிக்கர்ல அடிச்சது, முதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான்.

வீட்டுக்கு வர்ற ஆளுக அதைப் பாத்ததும் என்ன கேப்பாக தெரியுமா? "சார் எம்புட்டு பொறுமையாச் செஞ்சிருக்காரு!" சாருக்கு அதுல மூக்கு எது வாலு எதுன்னே தெரியாது. நல்ல மனுசன், அதைச் சொல்லணும். நான் விமானம் விடப் போனா பைக்ல பின்னாடி உக்காந்து அதைக் குழந்தை மாதிரிப் பிடிச்சுக்கிட்டு வருவாரு. ஆனா ரிமோட்டைக் கையில குடுத்தா வேர்த்துரும்.

பட்டாசு கம்பெனி இருக்குற சீமையில ஏன் விமானம் விட்டன்னு நீங்க கேப்பீக. நியாயமான கேள்வி. எங்கம்மா காலம்பூரா கம்பெனிக்குப் போனவ, எனக்குத் தெரியாதா? அதனாலதான் ஞாயித்துக்கிழமையில மட்டும் விடுவேன். அன்னைக்கு எல்லாக் கம்பெனியும் லீவு. கண்மாய்க்குக் கிழக்கே கருவேலங்காடு, அதைத் தாண்டி ஒரு சின்ன கம்பெனி. ஞாயிறு போனா கேட்டுல பூட்டு தொங்கும், ஆள் நடமாட்டமே இருக்காது. அப்பவும் அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன், மேற்கேதான் விடுவேன்.

அன்னைக்கும் பூட்டு தொங்கத்தான் செஞ்சுச்சு, ரோட்டுப் பக்கத்துக் கேட்டுல. பின்பக்கக் கேட்டைத் திறந்துவிட்டு, உள்ள ஆளை வச்சு வேலை வாங்கிக்கிட்டு இருந்திருக்காக. தீபாவளி சீசன், ஆர்டர் குவிஞ்சுபோச்சு, ஞாயித்துக்கிழமையும் வேலைன்னு சொல்லி பொம்பளைகளைக் கூப்பிட்டுட்டு வந்து, வெளிய தெரியாம இருக்க முன்கேட்டுக்குப் பூட்டு. எனக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டுக்காரர் டீ வாங்கப் பைக்கை எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போனாரு. நான் விமானத்தை ஏத்துனேன். ஆடிக்காத்தை எதிர்த்து அது மேல போனது இருக்கே, அப்படி ஒரு அழகு! சக்கரத்தை உள்ள மடக்கிக்கிட்டு, வயித்தைக் காட்டித் திரும்புச்சு பாருங்க, தனியா நின்னு கை தட்டிட்டேன்.

அப்பத்தான் ஒரு பருந்து. அதுக்கு என்ன கோவமோ, மேல இருந்து இறங்கி வாலுல ஒரே மோது. வால் ரெக்கை பிஞ்சு தொங்குது. நான் ரிமோட்ல என்ன செஞ்சாலும் கேக்கல. உடனே மோட்டாரை நிறுத்தினேன், இருக்குற இடத்துலயே விழட்டும்னு. காத்து விடல. அலேக்காத் தூக்கிக்கிட்டு கிழக்கே கொண்டு போச்சு. கருவேலங்காட்டைத் தாண்டி, சுவரையும் தாண்டி, கம்பெனிக்குள்ள 'படார்'னு ஒரு சத்தம்.

விமானம் போச்சேன்னு ஒரு நொடி. அடுத்த நொடி வேற நினைப்பு. அதுக்குள்ள இருக்குற பேட்டரி சாதாரண பேட்டரி இல்ல. லித்தியம் பேட்டரி, செங்கல் கனம். அடி பட்டா உடனே ஒண்ணும் தெரியாது, கொஞ்ச நேரம் உப்பும், அப்புறம் புஸ்ஸுனு தீயைக் கக்கும். பூட்டின கம்பெனிதானே, ஆள் இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டு ஓடினேன். முள்ளு கிழிச்சதெல்லாம் அப்ப உறைக்கல. பின்பக்கம் போய்ப் பாத்தா கேட்டு ஆன்னு திறந்து கிடக்கு. உள்ள ரூம் ரூமாப் பொம்பளைக உக்காந்து பட்டாசுச் சரம் பின்னிக்கிட்டு இருக்காளுக.

என் விமானம் போர்மேன் கையில இருந்துச்சு. வயிறு கிழிஞ்சு, உள்ள பேட்டரி பொங்கி நிக்குது. எனக்கு அம்புட்டுத் தூரத்துல இருந்தே தெரியுது. அவரு அதைக் குலுக்கிக் குலுக்கிப் பாக்குறாரு.

"எந்த ஆபீஸ்ல இருந்து அனுப்பி வச்சாக? கேமரா எங்க?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதிகாரிக டிரோன் விட்டு, ஞாயித்துக்கிழமை வேலை நடக்குதான்னு படம் பிடிக்கிறாகளாம். அந்தப் பயம் அவருக்கு.

"அண்ணே, கேமராவே கிடையாது. பேட்டரி உப்புது, தீப்பிடிச்சுரும். கீழ மணல்ல போடுங்க முதல்ல!" நான் கேட்டுல நின்னு கத்துறேன். வாட்ச்மேன் கையை நீட்டி மறிச்சுக்கிட்டாரு. கேட்டுச் சுவத்துல போர்டு எழுதிப் போட்டிருக்கு: செல்போன், தீப்பெட்டி, பேட்டரி எதுவும் உள்ள கொண்டு போகக் கூடாது. அந்தப் போர்டுக்குக் கீழ என்னை நிறுத்தி வச்சுட்டு, பேட்டரியை உள்ள கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு போர்மேன்!

"ஓட்டுனவரை வரச் சொல்லும்மா, அவர்ட்டப் பேசிக்கிறேன்."

"நான்தாண்ணே ஓட்டுனேன்."

சிரிச்சாரு. சத்தியமாச் சொல்றேன், சிரிச்சாரு. ரிமோட் என் கழுத்துல வாரு போட்டுத் தொங்குது. கோயில் மாலை மாதிரி நெஞ்சு மேல கிடக்கு. அதைப் பாத்துக்கிட்டேதான் அடுத்ததும் கேக்குறாரு, "உங்க வீட்டுக்காரர் எங்க ஒளிஞ்சிருக்காரு?"

டீ வாங்கப் போயிருக்காருன்னு சொன்னேன். அப்பன்னா அவரு வரட்டும், வந்து விளக்கம் சொல்லட்டும், அதுவரைக்கும் இது இங்கன இருக்கட்டும்னுட்டு, விமானத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடக்குறாரு. எங்க? பேக்கிங் ரூமுக்கு! அங்கன கத்தி இருக்காம், கிழிச்சு கேமராக் கார்டைத் தேடணுமாம். அந்த ரூம் வாசல்ல முடிஞ்ச சரம் எல்லாம் சாக்குச் சாக்கா அடுக்கிக் கிடக்கு. பக்கத்து ரூம்ல பொம்பளைக. நான் தொண்டை கிழியக் கத்துறேன், "தீப்பிடிக்கும், தீப்பிடிக்கும்"னு. அவரு திரும்பிக்கூடப் பாக்காம, "பிளேனை வாங்கிட்டுப் போறதுக்கு என்ன நாடகம் போடுது பாரு"ங்கிறாரு வாட்ச்மேன்கிட்ட.

அப்ப வந்த கோவத்துலதான் எனக்குத் தெம்பு வந்துச்சு. ரிமோட்டைக் கழட்டிக் கீழ போட்டேன், செல்லைப் போட்டேன், செருப்பை உதறினேன். கேட்டுப் பக்கத்துல செம்புத் தகடு பதிச்சிருப்பாக, உடம்புல இருக்குற கரண்டு மண்ணுல இறங்குறதுக்கு. அதையும் ஒரு தொடு தொட்டேன். வாட்ச்மேன் கைக்குக் கீழ குனிஞ்சு உள்ள பாஞ்சுட்டேன். கம்பெனிக்கு வேலைக்குப் போனவ மகளுக்கு அந்த அவசரத்துலயும் கை தானாப் போகுது. அந்த போர்மேனுக்கு அது இல்லாமப் போச்சே!

ரூம் வாசப்படியில வச்சு விமானத்தைப் பிடிச்சு இழுத்தேன். அவரு விடல. "பொம்பளைன்னு பாக்குறேன்"னாரு. நான் பாக்கல. ஓங்கி ஒரே இழு. ரெக்கை ஒண்ணு ஒடிஞ்சு அவர் கையோட போயிருச்சு, உடம்பு என் கைக்கு வந்துச்சு. அப்பவே உள்ள சீறுது. இனிப்பா ஒரு நாத்தம் மூக்குல ஏறுது. சூடு கை பொறுக்கல. கீழ போட்டா சரம், பின்னாடி போட்டா ஆளுக. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு காம்பவுண்ட் மூலைக்கு ஓடி, அங்கன குவிச்சிருந்த மணல்ல வீசினேன். வீசின கை திரும்புறதுக்குள்ள வெள்ளைப் புகை, பின்னாடியே தீ. ஆள் உயரத்துக்கு.

அதுக்கப்புறம் யாரும் யாரையும் கேக்கல. ரூமை விட்டு எல்லாரும் பின்கேட்டு வழியா வெளிய ஓடினாக. ரெண்டு பொம்பளைக மட்டும் சிவப்பு வாளியைத் தூக்கிக்கிட்டு வந்து என்னோட சேந்து மணலை அள்ளிக் கொட்டினாளுக. தீ அடங்குற வரைக்கும் விடல. அதுல ஒருத்தி என் கையைப் பிடிச்சு, "ஏத்தா, தோலு வழண்டுருச்சே"ன்னு சொல்லித் தண்ணித் தொட்டிக்குள்ள முக்கி வச்சா. அப்பத்தான் நான் அழுதேன். வலியில மட்டும் இல்ல. அவளுக இருந்த ரூமையும் அந்தச் சாக்கு மூட்டையையும் திரும்பிப் பாத்தேன், அதுல.

இந்தக் கூத்து எல்லாம் முடிஞ்ச பெறகு எங்க வீட்டுக்காரர் டீத் தூக்கோட வந்து சேந்தாரு. போர்மேன் ஓடிப் போய் அவரைத்தான் கும்பிட்டாரு! "சார், நல்ல வேளை சார். வீட்டம்மாவை இப்படித் தனியா விட்டுட்டுப் போலாமா?" அப்புறம் மேனேஜர் வந்தாரு. வெளிய யார்ட்டயும் சொல்லிறாதீகன்னு கெஞ்சுனாரு. அதையும் அவர்கிட்டத்தான் கெஞ்சுனாரு. ஒரு பெரிய கிஃப்ட் பாக்ஸை எடுத்துட்டு வந்து, என்னையத் தாண்டிப் போயி அவர் கையில குடுத்து, "அம்மாவுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீக சார், அதான் தப்பிச்சோம்"னாரு.

"நான் எங்க சொல்லிக் குடுத்தேன்? எனக்கே அவதான் சொல்லிக் குடுக்கணும்"னு எங்க வீட்டுக்காரர் சொல்லிப் பாத்தாரு. "என்னா தன்னடக்கம்!" அப்படின்னு மேனேஜர் மெச்சிக்கிட்டாரு. அந்தப் பெட்டியை நான்தான் வாங்கித் திரும்பத் திண்டுல வச்சுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை ஆளை வச்சு வேலை வாங்குனதைச் சொல்ல வேண்டிய இடத்துலயும் சொன்னேன். எழுதி வாங்கிக்கிட்ட ஆபீசரு, "உங்க சார் வரலையா?"ன்னாரு. போதுமா?

இதோட விட்டுச்சான்னா, இல்ல. கொஞ்ச மாசம் கழிச்சு மல்லாங்கிணறுல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா கதை சொல்றாக. யாரோ ஒருத்தரு பிளேன் விட்டாராம், அது பட்டாசு கம்பெனிக்குள்ள விழுந்துச்சாம், அவரே உள்ள பாஞ்சு எரியிறதைத் தூக்கி எறிஞ்சாராம், அம்புட்டுப் பேரு உசுரையும் காப்பாத்திட்டாராம். என்னா தைரியம்கிறீக! இலைக்கு மேல உள்ளங்கையை விரிச்சு, சுட்ட தழும்பைக் காட்டி, "அது நான்தான்"னேன். அந்தம்மா தழும்பைப் பாத்தாக, என் மொகத்தைப் பாத்தாக. அப்புறம் கண்ணு விரிய, "அட, அவரு உங்க வீட்டுக்காரரா!" அப்படின்னாக.

விமானம் போனது போகட்டும், இப்ப இன்னொண்ணு செஞ்சுக்கிட்டு இருக்கேன். இனிமே மதுரைப் பக்கம், காரியாபட்டி தாண்டிப் போய், கம்பெனியே இல்லாத பொட்டல்லதான் விடணும்னு முடிவு. பேரு போனதும் போகட்டும், அதை வச்சு நான் என்ன செய்யப் போறேன். ஆனா போர்மேன் என் புருஷனுக்காகக் காத்துக்கிட்டு நின்ன அந்த நேரம் இருக்கே, அது என்னோட நேரம் இல்ல, சரம் பின்னிக்கிட்டு இருந்த அந்தப் பொம்பளைகளோட உசுரு. அதை நினைக்கும்போதெல்லாம் இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது. எந்தக் கேட்டு முன்னாடியாவது ஒரு பொம்பளை நின்னு தீப்பிடிக்கப் போகுதுன்னு கத்துனா, தயவு செஞ்சு முதல்ல மணல் வாளியைத் தூக்குங்க, அவ புருஷன் எங்கன்னு அப்புறம் சாவகாசமா விசாரிச்சுக்கலாம்.