யூசுப் பாய் திருப்பி அனுப்பிய பச்சை

முதலில் படத்தைத்தான் பார்த்தேன். போட்டோகிராபர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நெல்வயல் வந்திருந்தது. பச்சை தப்பாக இருந்தது. யாரோ செல்போனிலேயே நிறத்தை ஏற்றிப் பயிரைப் பிளாஸ்டிக் மாதிரி ஆக்கியிருந்தார்கள். வரப்பில் நின்ற பனைமரத்தின் தண்டில்கூடப் பச்சை ஏறியிருந்தது. யார் இந்த வேலையைப் பார்த்தது என்ற எரிச்சலோடு படத்தைத் தள்ளியபோதுதான் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். வலங்கைமான் யூசுப் பாய் காலமாகிவிட்டார். அடக்கம் அன்று மாலை.

அது அவர் எடுத்த படம்தான். உங்களில் பலர் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள். கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டீர்கள். நல்ல மனிதர் என்று எழுதினீர்கள். கல்யாணப் படம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எழுதினீர்கள். நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்காததால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் தஞ்சாவூரில் கலர் லேப்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தபோது, கெமிஸ்ட்ரி படித்திருந்த எனக்கு ஒரு லேபில் பிரிண்ட் போடும் வேலை கிடைத்தது. யூசுப் பாய் துபாயில் ஒரு ஸ்டுடியோவில் சில வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். எங்களுக்குள் குரு, சிஷ்யை என்றெல்லாம் எதுவும் இல்லை. நான் பிரிண்ட் போடுவேன். அவர் அதைத் திருப்பி அனுப்புவார். பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் பழக்கம் அப்படித்தான் ஓடியது.

அவர் முதன்முதலாகத் திருப்பிக் கொண்டுவந்த படம் நினைவிருக்கிறது. திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்தைப் படமெடுத்துவிட்டு வரும் வழியில், ரோலில் மிச்சமிருந்த ஃபிலிமில் வயலை எடுத்திருந்தார். மாலையும் கழுத்துமாக நின்ற தம்பதியின் படங்கள் பளிச்சென்று வந்திருந்தன. வயல் மட்டும் புழுதி அடித்த மாதிரி இருந்தது. வானம் லேசாக ரோஸ் நிறம்.

"காலையில ஒன்பது மணிக்கு எடுத்ததும்மா. வானம் ஏன் சிவக்குது?" என்றார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிஷின் ஒவ்வொரு படத்திலும் எல்லா நிறத்தையும் கூட்டிச் சராசரி பார்க்கும். ஒரு நிறம் மட்டும் அதிகமாக இருந்தால் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு அதைக் குறைத்துவிடும். படம் முழுக்கப் பச்சையாக இருந்தால் பச்சையைத்தான் குறைக்கும். அதற்கு எதிர்நிறமான மெஜந்தா, அதாவது ரோஸ் கலந்த சிவப்பு, ஏறிவிடும். வானம் சிவப்பது அதனால்தான்.

அவர் அந்தப் பெரிய மிஷினை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இதுக்கு வயல்னாலே தப்பாத் தெரியுதா? இதைத் தஞ்சாவூர்ல கொண்டுவந்து வச்சிருக்கீங்களே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கையால மாத்திப் போடு. நான் இருக்கேன்," என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மெஜந்தாவைக் குறைத்தால் பயிர் நீலம் பாய்ந்தது. மஞ்சளைக் கூட்டினால் தண்ணீர் இல்லாமல் பழுத்த பயிர் ஆனது. கடை மூடும்வரை இதுவே நடந்தது. முதலாளி அன்று முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருடைய பிடிவாதத்தை இன்னும் மோசமாக்கியது அந்த அட்டைப்பெட்டி. துபாயில் அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடியபோது, தேதி முடிந்த ஃபிலிம் ரோல்களை ஒரு பெட்டி நிறையக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அங்கத்து வெயிலில் எத்தனை கோடை கிடந்ததோ தெரியாது. வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு முழுக்க அந்த ரோல்கள்தான். அவருடைய மனைவி ரஹ்மத் அக்காவுக்கு மாவுப் பாத்திரம் வைக்க இடமில்லை. பழைய ஃபிலிமில் நிழல் கலங்கிப் போகும், நிறம் ஒரு பக்கமாகச் சாயும். ஒரு ரோல் போல இன்னொரு ரோல் இருக்காது. "வயசான ஃபிலிமுக்கு வெளிச்சம் கூடப் போடணும்மா. வயசானவங்க படிக்கறதுக்குப் போடற மாதிரி," என்பார். அது உண்மைதான். அளவுக்கு மேல் வெளிச்சம் கொடுத்த ரோல்களில்தான் பயிரும் தண்ணீரும் பிரிந்து தெரிந்தன. ஆனால் எவ்வளவு கூட என்பதை ஒவ்வொரு ரோலும் தனித்தனியாகச் சொல்லும், அதுவும் கெட்டபிறகு சொல்லும். புது ஃபிலிம் வாங்குங்கள் என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். கல்யாணத்துக்கு வாங்கினார். வயலுக்கு அந்தப் பெட்டியைத்தான் திறந்தார்.

இவ்வளவும் அவருடைய வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். என் அண்ணன் விஷயத்தில் அவரைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நடவும் அறுப்புமாக உழைத்தவர்கள். அண்ணன் முருகையன் குவைத்தில் டிரைவராக இருந்து அனுப்பியதில்தான் எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் வந்தது. அதில் முதல் சம்பா நட்டபோது அண்ணன் ஊரில் இல்லை. போனில் ஒன்றே ஒன்று கேட்டான். "நம்ம பயிரைப் பெருசா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு செல்வி. ரூமுல மாட்டிக்கிறேன்." நான் யூசுப் பாயிடம் சொன்னேன். அவர் உடனே கேட்டது, பயிர் என்ன பருவம் என்று. பொதி கட்டுகிற நேரம், கதிர் இன்னும் வெளியே வரவில்லை என்றேன். "அதுக்குள்ள எடுத்துடணும். கதிர் வந்துட்டா மஞ்சள் ஏறிடும்," என்றார்.

முதல் ரோல் பழைய பெட்டியில் எடுத்தது. படம் முழுக்கப் புகை. இரண்டாவது ரோலுக்கு நல்ல வெளிச்சம் கிடைத்திருந்தது, ஆனால் ஃபிலிம் மிஷினுக்குள் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மருந்திலேயே ஊறிக் கிடந்து, வெளியே எடுத்தபோது நெகட்டிவ் கரிக்கட்டை. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. கதிர் எட்டிப்பார்க்கத் தொடங்கிய நேரத்தில் ஒருநாள் காலை வெயில் அடித்தது. புது ஃபிலிம் வாங்கிக்கொண்டு, ரஹ்மத் அக்காவையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வயலுக்கு வந்தார். சிமெண்ட் பூசிய ஒரு சின்னப் பலகையை அக்கா கையில் கொடுத்து வரப்பில் நிற்கவைத்து முதல் படத்தை எடுத்தார். பலகை சாம்பல் நிறமாக வரும்வரை மிஷினைத் திருத்தினால், அதே திருத்தத்தில் வயலும் சரியாக வரும் என்பது கணக்கு. அக்கா சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, "கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னைத் தனியா ஒரு படம் எடுத்ததில்லை. இப்ப இந்தப் பலகைக்காக எடுக்கறாரு," என்று என் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இந்தத் தடவை கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் கிட்டத்தட்டதான். பிரிண்டைக் கொண்டுபோய் வயலில் வைத்துப் பார்த்தோம். அப்பா அதை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யூரியா கூடிப்போன பயிர் மாதிரி இருக்குங்க," என்றார். யூசுப் பாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நீலம் கொஞ்சம் கூட. திரும்பவும் போட்டோம், திரும்பவும் பார்த்தோம். அதற்குள் கதிர் வந்து வயலே நிறம் மாறிவிட்டது. பிரிண்டும் வயலும் எதிரெதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் குவைத்துக்குக் கிளம்பியதால், இருந்ததில் நல்லதைச் சுருட்டிக் கொடுத்தோம். "இது அனுப்பக்கூடிய பச்சை. இதுதான்னு சொல்லக்கூடிய பச்சை இல்லை," என்றார் யூசுப் பாய்.

அண்ணன் போனில் அழுதுவிட்டான். அப்படியே நம்ம வயலைப் பார்த்த மாதிரி இருக்கு, பாய்க்குச் சொல்லு என்றான். நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அவன் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? அவனுக்கு மறந்துபோயிருக்கும்மா. நானும் அங்க இருந்தவன்தான். நாலு வருஷத்துல எனக்கே மறந்துபோச்சு. ஊர்ல இறங்கி வயலைப் பார்த்ததும், இதுவா அதுன்னு இருந்துச்சு. இனிமே அவனுக்கு நாம குடுத்ததுதான் பச்சை. அது தப்பா இருந்தா எப்படி?"

அவர் ஏன் அப்படித் திருப்பித் திருப்பி அனுப்பினார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. விளங்கி என்ன பயன். எனக்கு அந்தப் பச்சையைப் போடத் தெரியவில்லை.

அண்ணன் லீவில் வரும்போது படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் யூசுப் பாய். சம்பா நிற்கும்போது பக்கத்தில் பிடித்துப் பார்த்து, குறை என்ன என்று தெரிந்துகொண்டு புதிதாக எடுத்துக் கொடுக்க நினைத்திருந்தார். அண்ணன் வந்த வருஷம் மேட்டூர் நேரத்துக்குத் திறக்கவில்லை. திறந்த தண்ணீரும் எங்கள் வாய்க்கால் வரைக்கும் வந்து சேரவில்லை. வயல் தரிசாகக் கிடந்தது. அண்ணனும் அப்பாவும் யூசுப் பாயும் வெடித்த மண்ணில் நின்றார்கள். அண்ணன் கையில் அந்தப் படம்.

"பாய், இப்ப இதுதான் நம்ம வயல்," என்றான் அண்ணன், படத்தைக் காட்டி.

யூசுப் பாய்க்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "படம் எப்படிப்பா வயலாகும்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் லேப் பக்கம் வரவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். பழைய ஃபிலிமின் அழகே தனி என்று இப்போது சிலர் உருகுகிறீர்கள். அவரிடம் ஒருவர் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். "அது ஒரு தொல்லைங்க. விட்டது சனியன்," என்றார். டிஜிட்டல் வந்ததும் முதலில் மாறியவர்களில் அவரும் ஒருவர். பழைய நெகட்டிவ்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திருத்த உட்கார்ந்தார். இனி மிஷினோடும் செல்வியோடும் மல்லுக்கட்ட வேண்டாம் என்று அவருக்கு அவ்வளவு நிம்மதி. வருஷக்கணக்கில் திருத்தினார். அண்ணனின் வயலையும் ஒருவழியாக முடித்துவிட்டதாகச் சொன்னார்.

பிறகு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்த சில நாளில் என்னை வரச்சொல்லிப் போன் செய்தார். போனபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்தியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கண்ணுல ஒரு பச்சை. அந்தக் கண்ணுல ஒரு பச்சை. புரை மஞ்சளாக் காட்டியிருக்கும்மா. நான் அதுக்கு ஈடா எல்லாத்துலயும் நீலத்தை ஏத்தி வச்சிருக்கேன். இத்தனை வருஷ வேலையும் போச்சு."

திரையைப் பார்த்தேன். வயல்களெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தன. இதை எனக்கு முன்பே காட்டியிருந்தால் சொல்லியிருப்பேனே என்று கோபம் வந்தது.

"அப்ப அந்தக் காலத்துல உன்னை விரட்டினதும் தப்பா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அப்ப உங்க கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு பாய். என் பிரிண்டுதான் சரியில்லை," என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல.

இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். அதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

அன்று மாலை வலங்கைமானுக்குப் போனேன். ஆண்கள் அடக்கத்துக்குப் போயிருந்தார்கள். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ரஹ்மத் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முந்தாநாள்கூட உங்க வயலைத்தான் வச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்கம்மா. சாப்பிடக் கூப்பிட்டா, இருன்னாங்க." அவருடைய மகள் பரிதா என்னை உள்ளே அழைத்துப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பாதி திருத்திய எங்கள் வயல். "அத்தா இதை முடிச்சிட்டாங்களான்னு தெரியலை. நீங்க பார்த்துச் சொன்னா அப்படியே வச்சிடறேன்," என்றாள். நெடுநேரம் பார்த்தேன். முன்பைவிட நன்றாக இருந்தது. கதிர் எட்டிப்பார்க்கும் பயிரின் அடியில் தண்ணீர்கூடத் தெரிந்தது. ஆனாலும் முடிந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலை முடியவில்லை என்றால் இனி யார் முடிப்பது என்றும் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதும் அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

நான் இப்போது ஓர் அச்சகத்தில் நிறம் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். போன வாரம் ஓர் அரிசி ஆலையின் பைக்கு மாதிரி அச்சு வந்தது. பை முழுக்க நெல்வயல், பயிர் புழுதி அடித்த மாதிரி. ஆலைக்காரருக்குப் பிடித்திருந்தது, எங்கள் மேனேஜருக்கும் பிடித்திருந்தது. என் ஒப்புதலுக்காக ஆலையின் வண்டி வாசலில் நின்றது.

"அரிசிப் பைம்மா. யார் இதை உத்துப் பார்க்கப் போறா?" என்றார் மேனேஜர்.

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிற பைகள் அவை. அங்கே யாரோ ஒருவர் சமையற்கட்டில் அதை அவிழ்க்கும்போது உற்றுப் பார்ப்பார்.

யூசுப் பாயிடமிருந்து எனக்கு வந்தது ஓர் அதிருப்தி. அது என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. அந்தப் பச்சை எப்படி இருக்கவேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எது இல்லை என்று தெரியும். மாதிரியின் மேல் மெஜந்தாவைக் குறைக்கச் சொல்லி எழுதித் திருப்பி அனுப்பினேன்.